ஜுரம் விட்டபின் கவனிக்க வேண்டியவை

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையேயுள்ள ஸ்ரீரங்கம் தீவிலும், மேற்கே ஆற்றின் தென்கரையில் ஜீயபுரம், பெட்டவாய்த்தலை வரை தொடரும் வாழைத் தோட்டக் கிராமங்களிலும், ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டார் முதலில் செய்வது நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பதேயாகும். கை சுட்டால் ஜுரம், சுடாவிட்டால் குணம். இந்தச் சோதனைக்குச் செலவில்லை. பல வியாதிகளில் அது பயன்பட்டும் வந்திருக்கிறது. ஆனால் 2020ஆம் வருஷத்தில் உலகெங்கும் பரவிய கோவிட் என்னும் சுவாசத் தொத்து நோயில் இச்சோதனை பலரை ஏமாற்றிவிட்டது. ஜுரம் விட்டது என்று வீட்டார் ஆறுதலடைந்த நாளிலேயே, நோயாளியின் இரத்தத்தில் பிராணவாயு குறையத் தொடங்கியிருந்ததும் உண்டு. இந்நோயால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டோரிடம் காணப்பட்ட குறிகள் எவை, இரத்தச் சோதனைத் தாளில் வைத்தியர் எதைத் தேடுகிறார், வீட்டிலிருப்போர் எந்த நாளில் எதைக் கவனிக்கவேண்டும் என்பவற்றைச் சங்கத்து அங்கத்தினர்களுக்குத் தெரிவிப்பதே இப்பாடத்தின் கருத்து.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுகூர்தல் நலம். தமிழ்நாட்டில் இந்நோயாளி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2020 மார்ச் 7ஆம் தேதி. அம்மாதம் 25ஆம் தேதி முதல் தேசமெங்கும் ஊரடங்கு அமுலாயிற்று. ஸ்ரீரங்கநாதர் கோயிலில் பக்தர்களின் தரிசனம் நிறுத்தப்பட்டு, செப்டம்பர் 1ஆம் தேதிதான் மறுபடியும் தொடங்கியது. அவ்வருஷம் டிசம்பர் 25இல் வந்த வைகுண்ட ஏகாதசியும் வழக்கமான ஜனத்திரள் இன்றியே நடைபெற்றது. திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டு மூடப்பட்டு, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றப்பட்டது. காய்கறியும் வாழைத்தாரும் கொண்டுசென்ற குடியானவர்கள் அந்த வெட்டவெளியை மறந்திருக்கமாட்டார்கள். கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் நியாய விலைக் கடைகளின் மூலமாக 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயும், 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும், பதினான்கு வகை மளிகைச் சாமான்களும் வழங்கப்பட்டன. டோக்கன் கொடுத்து, வட்டம் போட்டு, கூட்டத்தைப் பிரித்து நிறுத்தி அவ்வேலையைச் செய்தவர்கள் சங்கச் சிப்பந்திகள் என்பதை இங்கே குறிப்பிடாமல் விடுவது நியாயமன்று.

இத்தகைய நோய் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1918இல் பம்பாய் வழியாகப் பரவிய விஷக் காய்ச்சல் ஒரு கோடிக்கு மேற்பட்ட இந்தியரைப் பலிகொண்டது. 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த ராஜுலா என்னும் கப்பலோடு ஆசிய இன்புளுவென்ஸா வந்து சேர்ந்தது. மலாய் நாட்டுத் தோட்டங்களுக்கும் நம் ஜில்லாக்களுக்கும் இடையே ஆட்களை ஏற்றிச் சென்ற அதே கப்பல்தான். 2009இல் எச்1என்1 காய்ச்சல் விமானத்தில் வந்தது. கிருமி வேறு, வாகனம் வேறு; ஆனால் மூச்சுப் பாதையைத் தாக்கும் வைரஸ்கள் கடுமையாகும்போது நுரையீரலில் செய்யும் கேடு பெரிதும் ஒத்திருக்கிறது. ஆகையால் இங்கே கூறப்படுவதில் பெரும்பகுதி மற்றக் கடுஞ்சளிக் காய்ச்சல்களுக்கும் பொருந்தும்.

இனி, நோயின் போக்கு. கோவிட் வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் முதலில் இறங்கி அங்கே பெருகுகிறது. தொத்திய நாளுக்கும் முதற்குறி தோன்றும் நாளுக்கும் இடையே 2020இல் சராசரி ஐந்தாறு நாட்கள் சென்றன. பின்னர் வந்த ஒமிக்ரான் வகையில் மூன்று நாளளவே. ஜுரம், வறட்டு இருமல், உடல் அசதி, தொண்டை நோவு, தலைவலி, சிலருக்கு வயிற்றுப்போக்கு ஆகியவை முதற் குறிகள். 2020, 2021ஆம் வருஷங்களில் பலருக்கு வாசனையும் ருசியும் அடியோடு மறைந்தன. காப்பிப் பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்தும் மணம் தெரியவில்லை என்றால், மூக்கடைப்பு இல்லாதபோது, அது பெரியதோர் அடையாளம்.

இந்த முதல் வாரத்தில் நடப்பது வைரஸின் பெருக்கம். பெரும்பாலோருக்கு உடலின் காவற்படை அதை அடக்கிவிட, நோய் அத்துடன் தீர்ந்துவிடுகிறது. ஒரு சிலருக்கு மாத்திரம், வைரஸ் குறைந்துவரும் இரண்டாம் வாரத்தில், காவற்படையே அளவுமீறிக் கொதித்தெழுந்து நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளை வீங்கச் செய்கிறது. காற்றறையில் நீர் தேங்கினால் உள்ளே இழுத்த பிராணவாயு இரத்தத்தில் சேர்வதில்லை. அதனுடன் மெல்லிய இரத்தக் குழாய்களில் உறைகட்டிகளும் தோன்றுகின்றன. திருடனைத் துரத்தி வந்த ஊரார் திருடன் ஓடிய பின்னும் வைக்கோற்போரைக் கொளுத்திக்கொண்டிருப்பதைப் போன்றது இது.

ஆகவேதான் நாட்கணக்கு முக்கியமாகிறது. சீன தேசத்து வூஹான் நகரில் முதன்முதல் ஆராயப்பட்ட 41 ஆஸ்பத்திரி நோயாளிகளில், முதற்குறி தோன்றிய நாளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது ஏறக்குறைய ஏழாம் நாள். மூச்சுத்திணறல் ஏற்பட்டவர்களுக்கு அது தொடங்கியது ஏறக்குறைய எட்டாம் நாள். தீவிர சிகிச்சைப் பகுதிக்கு மாற்றப்பட்டது பத்தாம் நாளை ஒட்டி. பிறகு அந்நாட்டில் 1,099 நோயாளிகளைப் பற்றி வெளிவந்த பெரிய ஆராய்ச்சியில் வேறொரு விஷயம் புலனாயிற்று. ஆஸ்பத்திரியில் சேரும்போது ஜுரம் இருந்தவர்கள் நூற்றுக்கு 44 பேர் மாத்திரமே. சேர்ந்த பின் ஜுரம் கண்டவர்களையும் கூட்டினால் 89 ஆகிறது. அதாவது, ஆஸ்பத்திரி வாசலில் ஜுரமானியை நெற்றிக்கு நீட்டியபோது பாதிக்கு மேற்பட்டோர் ஜுரமில்லாதவர்களாய்த் தோன்றினார்கள். நமது கடைகளிலும் ஆபீசுகளிலும் வாசலில் துப்பாக்கிபோல் நீட்டப்பட்ட அக்கருவியின் யோக்கியதை இவ்வளவே.

ஓர் எடுத்துக்காட்டு. ஐம்பத்தைந்து வயதுள்ள ஒரு குடியானவர். பல வருஷங்களாக நீரிழிவு உள்ளவர். திங்கட்கிழமை உடல்வலியும் ஜுரமும் காண்கின்றன. புதனன்று கடை மாத்திரையில் ஜுரம் தணிகிறது; வெள்ளியன்று அடியோடு விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய் வருகிறார். வரப்பு ஏறும்போது சற்று மூச்சு வாங்குகிறது. ஜுரம் கிடந்த அசதி என்று எண்ணுகிறார். மறுநாள், அதாவது எட்டாம் நாள், பேச்சு இரண்டிரண்டு சொல்லாக நின்று நின்று வருகிறது. அன்றிரவு நகையை எடுத்துக்கொண்டு வாடகைக் கார் தேடி, காவேரிப் பாலம் தாண்டிப் புத்தூர் மகாத்மா காந்தி நினைவு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். இவருக்கு அபாயம் எட்டாம் நாளிரவு வந்ததன்று. ஞாயிறு வரப்பின்மீதே வந்துவிட்டது. அந்த முப்பது மணி நேரத்தைத் தப்பவிடாமற் பிடிப்பதைப் பற்றியதுதான் மேலே வருவதெல்லாம்.

வைத்தியர்களையே வியப்புறச் செய்த குறி ஒன்றுண்டு. சாதாரணமாக இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் மனிதன் தவித்துப் போவான். இந்நோயிலோ, பிராணவாயு மிகவும் குறைந்த நிலையிலும் சிலர் கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நுரையீரல் இன்னும் எளிதில் விரிந்து சுருங்குவதாலும், கரியமில வாயு வெளியேறிவிடுவதாலும், உடல் எச்சரிக்கை மணியை அடிப்பதில்லை. 'அவருக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் பேசுகிறார்' என்ற சொல்லை நம்பலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

இதை அறிவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழிக்குக் கடிகாரம் ஒன்று போதும். நோயாளி அமைதியாகப் படுத்திருக்கையில், அவருக்குச் சொல்லாமல், மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணவேண்டும். சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சின் வேகம் மாறிவிடும். வயது வந்தவருக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24ஐத் தொட்டால் நோய் நடுத்தரக் கடுமை அடைந்ததாக இந்திய சர்க்காரின் சிகிச்சை விதிகள் கூறின. 30ஐத் தாண்டினால் மிகக் கடுமை.

இரண்டாவது, விரல் நுனியில் கவ்வும் ஆக்ஸிமீட்டர் என்னும் சிறு கருவி. இது விரலினூடே ஒளியைச் செலுத்தி, இரத்தம் நூற்றுக்கு எவ்வளவு பிராணவாயு ஏற்றிருக்கிறது என்று காட்டுகிறது. 95க்கு மேல் இயல்பு. 94க்கு இறங்கினால் வைத்தியருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். 93 முதல் 90 வரை ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நிலை; 90க்குக் கீழே ஒரு நாழிகையும் தாமதியாமல் பிராணவாயு கொடுக்கப்பட வேண்டிய நிலை. உட்கார்ந்திருக்கையில் சரியாக இருப்பவரை வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிஷம் நடக்கவிட்டுப் பார்ப்பதும் உண்டு; நடந்தபின் மூன்று நான்கு எண் இறங்கினால் நுரையீரல் கெடத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். ஏற்கெனவே 94க்குக் கீழிருப்பவரை நடக்கச் சொல்வது தவறு.

இக்கருவியிலும் பிசகு உண்டு. விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருந்தாலும், கை அசைந்தாலும் எண் மாறும். எண் நிலைத்து நிற்க ஒரு நிமிஷமாவது காத்திருக்கவேண்டும். இதைக்காட்டிலும் முக்கியமான ஒன்று 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. கருவி நல்ல எண்ணைக் காட்டியபோதும் இரத்தத்தில் உண்மையில் பிராணவாயு குறைந்திருந்த நிலை, வெள்ளையரிடம் இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கறுப்பு நிறத்தாரிடம் காணப்பட்டது. கருவி வெள்ளைத் தோலைக்கொண்டே பெரும்பாலும் சரிபார்க்கப்பட்டிருந்ததால் வந்த வினை இது. வெயிலில் உழைத்துக் கறுத்த நம் குடியானவர்கள் இதை மனத்திற்கொண்டு, எண் ஒன்றையே நம்பாமல் மூச்சையும் எண்ணுவது அவசியம். எண் 95 என்று காட்டினாலும், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லமுடியாதவர் நோயாளியே.

ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் பஞ்சுக் குச்சியால் சளி எடுக்கிறார்கள். ஆர்.டி.பி.சி.ஆர். என்னும் சோதனை வைரஸின் மரபுப் பொருளைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டுபிடிப்பது. 'இருக்கிறது' என்று வந்தால் பெரும்பாலும் அது உண்மை. 'இல்லை' என்று வந்தால் அவ்வளவு உறுதியில்லை. சளி சரியாக எடுபடாமையாலோ, மிக முந்தியோ பிந்தியோ எடுத்ததாலோ தவறலாம். ஆகவே குறிகள் பொருந்தினால் வைத்தியர்கள் சோதனை முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கினார்கள். 'சோதனையில் இல்லை என்று வந்துவிட்டது' என்று மூச்சுத் திணறுபவரை வீட்டிலேயே வைத்திருந்தது பெரும் பிழை.

அடுத்து இரத்தச் சோதனைத் தாள். பலர் கையில் இது வந்துசேர்ந்தது. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நட்சத்திரக் குறியிட்ட எண்களைக் கண்டு கலங்கினார்கள். அதில் வைத்தியர் தேடுவது முக்கியமாக நாலைந்துதான்.

முதலாவது, வெள்ளணுக்களின் வகைப்பிரிவு. காய்ச்சல் என்றால் வெள்ளணு பெருகும் என்பது பொது எண்ணம். நிமோனியா போன்ற பாக்டீரியா நோய்களில் அப்படியே. கோவிடில் மொத்த எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவோ குறைந்தோ இருக்க, லிம்போஸைட் என்னும் வகை மாத்திரம் விழுந்துவிடுகிறது. வைரஸை எதிர்க்கும் படை இதுவே. மேலே சொன்ன 1,099 பேரில் நூற்றுக்கு 83 பேருக்கு இது குறைந்திருந்தது. ஜுரத்தையும் இருமலையும்விட இதுவே ஆஸ்பத்திரி வாசலில் நம்பத்தக்க அடையாளமாயிற்று. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,000க்குக் கீழே போவது நல்லதன்று. நாளுக்கு நாள் மேலும் இறங்குவது கெட்ட குறி. ஏறுவது குணத்தின் தொடக்கம். நியூட்ரோபில் என்னும் மற்றொரு வகையை இதனால் வகுத்து வரும் ஈவு இயல்பாக ஒன்று முதல் மூன்று வரை இருக்கும். அது வளர வளர நோய் கடுமையாகிறதென்று கொள்ளலாம். இதற்கு உயர்ந்த யந்திரம் தேவையில்லை. தாலூகா ஆஸ்பத்திரியில் செய்யும் சாதாரண இரத்தக் கணக்கே போதும். ஸ்ரீரங்கம் சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இரத்தம் கொடுத்தவர், அத்தாளைக் கசக்கி எறியாமல் புத்தூருக்குக் கொண்டுசெல்ல வேண்டியது இதனாலேயே. முந்தின எண் இல்லாமல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாரால் சொல்லமுடியும்?

இரண்டாவது சி.ஆர்.பி. என்னும் புரதம். உடலில் எங்கேனும் அழற்சி இருந்தால் ஈரலிலிருந்து இது வெளிப்படுகிறது. லிட்டருக்கு ஐந்து அல்லது பத்து மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டியது, கடும் நோயாளிகளிடம் நூறையும் தாண்டியது. காவற்படை கொதித்தெழுந்ததை இது காட்டுகிறது. பெரிட்டின், எல்.டி.எச். என்பனவும் ஏறக்குறைய அதே செய்தியையே வேறு பெயரில் சொல்வதால் அவற்றை விவரிக்கவேண்டியதில்லை.

மூன்றாவது டி-டைமர். இரத்தம் உறைந்து அவ்வுறை கரையும்போது உண்டாகும் துணுக்கு இது. மில்லிலிட்டருக்கு அரை மைக்ரோகிராமுக்குள் இருப்பது இயல்பு. வூஹானில் 191 பேரைக் கவனித்த ஆராய்ச்சியில், சேரும்போதே இது ஒன்றைத் தாண்டியிருந்தவர்களிடையே மரணம் மிகுதியாயிருந்தது. இங்கே ஒரு குழப்பத்தை நீக்கவேண்டும். சில சோதனைச்சாலைகள் மைக்ரோகிராமிலும் சில நானோகிராமிலும் எழுதுகின்றன. 0.5 மைக்ரோகிராமும் 500 நானோகிராமும் ஒன்றே. மரக்கால் கணக்கையும் கிலோக் கணக்கையும் பக்கத்தில் வைத்து நெல் திருடுபோயிற்று என்று கூக்குரலிடுவதைப்போல, ஓரிடத்தில் 0.6 என்றும் மற்றோரிடத்தில் 600 என்றும் கண்டு ஆயிரம் மடங்கு ஏறிவிட்டதாகப் பதறவேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் அளவு என்ன என்று எழுதியிருப்பதை முதலில் பார்க்கவேண்டும்.

இவற்றோடு சர்க்கரை, சிறுநீரகத்துக்குரிய கிரியாட்டினின், இருதயத்துக்குரிய டிரோபோனின் ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். நோய் நுரையீரலோடு நிற்காமல் பரவிற்றா என்று அறிவதற்காக. இவ்வெண்களில் எந்த ஒன்றும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது. மூச்சு, வயது, நாட்கணக்கு ஆகியவற்றோடு சேர்த்தே வைத்தியர் அவற்றை மதிக்கிறார்.

மார்புக்கு எடுக்கும் சி.டி. படத்தில் இரு நுரையீரல்களின் ஓரங்களிலும் தேய்த்த கண்ணாடி போன்ற மங்கல் தெரிந்தது. 2021இல் இந்தப் படத்தின்மேல் ஜனங்களுக்கு ஒரு மோகமே ஏற்பட்டுவிட்டது. இருபத்தைந்துக்கு எத்தனை என்று பரீட்சை மார்க்கைப்போல் பேசிக்கொண்டார்கள். லேசான நோயுள்ளவர்களுக்கு அது வேண்டாம் என்றும், அனாவசியமாகக் கதிர்வீச்சை ஏற்பது கேடு என்றும், டில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டராயிருந்த டாக்டர் ரண்தீப் குலேரியா அவ்வருஷம் மே மாதத்தில் எச்சரித்தார். மூச்சு சரியாயிருக்கும்போது நகையை அடகு வைத்துப் படமெடுப்பதைவிட, அப்பணத்தில் ஒரு பகுதிக்கு விரற்கருவி வாங்கியிருக்கலாம்.

யாருக்கு அபாயம் அதிகம்? தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 2020இல் திரட்டிய விவரங்களை ரமணன் லட்சுமிநாராயண் முதலியோர் ஆராய்ந்து, அமெரிக்காவின் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். நோய் கண்டறியப்பட்டவர்களில் 5 முதல் 17 வயதுவரை உள்ளோரிடையே இறந்தோர் நூற்றுக்கு 0.05, 85 வயதுக்கு மேற்பட்டோரிடையே 16.6. வயதே முதற்காரணம். அடுத்தபடி, இறந்தோரில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே வேறொரு நோய் இருந்தது. அவற்றில் முன்னணியில் நின்றது நீரிழிவு. அதன்பின் இரத்தக் கொதிப்பு. தங்களுக்கு நீரிழிவு இருப்பதை அறியாதவர்கள் கிராமங்களில் ஏராளம். ஸ்ரீரங்கத்து வீதிகளில், பிள்ளைகள் வெளியூரிலும் வெளிதேசத்திலும் இருக்கத் தனித்து வாழும் முதியோர் பலர். அவர்கள் மூச்சை எண்ணுவதற்கே வீட்டில் வேறொருவர் இல்லை என்பது மற்றொரு சங்கடம்.

சிகிச்சையைப் பற்றிச் சிறிது. வைரஸை நேரே அழிக்கும் மருந்து முதலில் இல்லை. பிராணவாயுவே பிரதான மருந்து. நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பதால் நுரையீரலின் பின்புறம் நன்றாக விரிந்து பிராணவாயு ஏறிற்று. செலவற்ற இந்த முறை ஆஸ்பத்திரிகள் எங்கும் கைக்கொள்ளப்பட்டது. இரத்தம் உறையாதிருக்க ஊசி போடப்பட்டது. 2020 ஜூன் மாதத்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையார் ஒரு நற்செய்தியை வெளியிட்டார்கள். டெக்ஸாமெத்தஸோன் என்னும் பழைய, மலிவான மருந்தைத் தினம் 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை கொடுத்ததில், செயற்கைச் சுவாச யந்திரத்தில் இருந்தவர்களிடையே மரணம் நூற்றுக்கு 41இலிருந்து 29ஆகவும், பிராணவாயு மட்டும் பெற்றவர்களிடையே 26இலிருந்து 23ஆகவும் குறைந்தது. ஆனால் பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை எதுவும் இல்லை. காரணம் முன்னே கூறியதுதான்: முதல் வாரத்தில் காவற்படை வேண்டும், அதை அடக்கும் மருந்து அப்போது ஆகாது.

இவ்விதியை மீறியதன் பலன் 2021இல் வெளிப்பட்டது. அவ்வருஷம் மே 21ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,000க்கு மேற்பட்டோர் புதிய நோயாளிகளாகக் கண்டறியப்பட்டனர். படுக்கை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில், கைப்பேசியில் வந்த மருந்துச் சீட்டைக் காட்டி, ஜுரம் கண்ட இரண்டாம் நாளே இம்மருந்தை வாங்கி விழுங்கினவர்கள் உண்டு. மருந்து சர்க்கரையை ஏற்றிவிடும். ஏறிய சர்க்கரையும் தாழ்ந்த எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்த இடத்தில் கரும்பூஞ்சை என்னும் மியூகார்மைகோஸிஸ் மூக்கிலும் கண்ணிலும் பற்றியது. தமிழ்நாட்டு சர்க்கார் அதை அறிவிக்கப்படவேண்டிய நோயென்று அதே மாதத்தில் உத்தரவிட்டனர். குணமாகி வீடு திரும்பியவருக்கு ஒரு பக்க முக வீக்கம், கண் வலி, மூக்கிலிருந்து கருநிறக் கசிவு, பல் ஆட்டம் இவற்றில் எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டுமென்று அப்போது சொல்லப்பட்டது. இன்றும் நீரிழிவுள்ளவர்களுக்கு அது பொருந்தும்.

கபசுரக் குடிநீர் அக்காலத்தில் ஊரெங்கும் வழங்கப்பட்டது. அதைக் குடித்தவர்களுடன் வழக்காட வேண்டியதில்லை. குடித்துவிட்டு மூச்சை எண்ணாமல் இருந்ததுதான் குற்றம்.

2021 ஜனவரி 16இல் தொடங்கிய தடுப்பூசி நோயின் கடுமையை வெகுவாகக் குறைத்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5ஆம் தேதி சர்வதேச அவசர நிலையை நீக்கிக்கொண்டது. வைரஸ் அத்துடன் மறைந்துவிடவில்லை. பெரும்பாலோருக்குச் சளியோடு போய்விடுகிறது. முதியோரும் நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளோரும் அதனாலும் இன்புளுவென்ஸாவாலும் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவே செய்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்கொருவர் இருமும்போது எது எந்த வைரஸ் என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. நாளும் மூச்சும் கணக்கில் இருந்தால் போதும்.

சங்கங்கள் இதில் செய்யக்கூடியது சிறியதேயாயினும் பயனுள்ளது. ஆதாயத்திலிருந்து ஒதுக்கும் பொது நன்மை நிதியில், விதிகள் இடந்தரும் அளவில், இரண்டு விரற்கருவிகளும் ஒரு ஜுரமானியும் வாங்கி வைக்கலாம். சங்கக் கட்டடத்திலோ நியாய விலைக் கடையிலோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் யார் வீட்டுக்கு எந்தத் தேதியில் கருவி சென்றது என்று பதிந்தால் அது திரும்பி வரும். கடன் பதிவேடு எழுதத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலையன்று. ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போகுமுன் கருவியைச் சாராயத் துணியால் துடைக்கவேண்டும். தனித்து வாழும் முதியோருக்கு ஜுரம் என்று தெரிந்தால், பக்கத்து வீட்டு அங்கத்தினர் ஒருவர் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை காலையும் மாலையும் எட்டிப்பார்த்து மூச்சை எண்ணுவதற்கு நிர்வாக சபையில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். நள்ளிரவில் வாகனம் தேட வேண்டாம். 108க்குச் சொன்னால் பிராணவாயுவுடன் வண்டி வரும். வாடகைக் காரில் அது இல்லை.

வண்டி வருவதற்குள் ஒரு சீட்டு எழுதி நோயாளியின் சட்டைப் பையில் வைக்கவேண்டும். முதற்குறி தோன்றிய தேதி, ஜுரம் விட்ட தேதி, இன்று எத்தனையாவது நாள், கடைசியாக எண்ணிய மூச்சு எத்தனை, எந்த மணிக்கு, கருவியில் கண்ட எண், வயது, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உண்டா, தினம் உட்கொள்ளும் மாத்திரைகள், இந்நோய்க்காக ஏற்கெனவே விழுங்கியவை, கடையில் பெயர் தெரியாமல் வாங்கியவை உட்பட. பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டையையே சீட்டோடு வைத்துக் கட்டலாம். முந்தின இரத்தச் சோதனைத் தாள் இருந்தால் அதையும். ஆஸ்பத்திரியில் நோயாளி பேசமுடியாமல் இருப்பார்; உடன்சென்ற மகனோ பதற்றத்தில் நாட்களை மாற்றிச் சொல்லுவான். வைத்தியர் முதலில் கேட்பது, 'இது எத்தனையாவது நாள்?' என்பதே.